விட்டு வளர்த்து வெட்டிய மேப்பிள்கள்: ஓமியா நினைவுகள்

போன்சாய் என்னும் தொட்டிமரக் கலையில் ஒரு மரத்தின் முதுமையைப் பார்ப்பவர் மனத்தில் பதிய வைப்பது, வேர் பரந்து மண்ணைப் பற்றும் இடத்திலிருந்து முதற்கிளை வரை எழுந்து நிற்கும் அடிமரமே ஆகும். அந்த அடிமரம் தரையருகே பருத்தும் மேலே செல்லச் செல்லப் படிப்படியாக மெலிந்தும் அமைவதை இக்கட்டுரை ‘ஒடுக்கம்’ என்று குறிக்கிறது. ஜப்பானியத் தோட்டக்காரர்கள் அதனைக் ‘கொகெஜுன்’ என்றும், வேர்கள் நிலத்தின்மேல் நாற்புறமும் விரிந்து தெரிவதை ‘நெபாரி’ என்றும் வழங்குவர். ஒரு முழ உயரமே உள்ள மரம் காட்டில் நின்ற பெருமரத்தின் தோற்றத்தைப் பெறுவது இவ்விரண்டினால்தான். ஊசியிலை மரங்களில் அடிமரத்தின் குறையை ஆண்டு முழுவதும் பசுமையாக நிற்கும் இலைத்தொகுதி ஓரளவு மறைத்துவிடும். மேப்பிளுக்கு அந்த மறைப்பு இல்லை. 1934இல் தொடங்கிய கொகுஃபு கண்காட்சி டோக்கியோவின் உவேனோவில் பிப்ரவரி மாதத்தில் கூடுவதால், அங்கு வைக்கப்படும் மேப்பிள்கள் ஓர் இலைகூட இல்லாமல் நிற்கின்றன. அவற்றை வளர்த்தவர் எந்தக் காலத்திலோ வெட்டிய வெட்டு ஒவ்வொன்றும் வெறும் பட்டையின்மேல் கண்ணுக்குத் தெரிகிறது.

சைதாமா மாகாணத்தின் ஓமியாவில் உள்ள போன்சாய்க் குடியிருப்பு, 1923ஆம் ஆண்டின் பெரும் கான்தோ நிலநடுக்கத்துக்குப் பின், டோக்கியோவின் நெருக்கத்தை விட்டு அகன்ற நிலமும் தூய நீரும் தேடிய தோட்டக்காரர்களால் 1925இல் அமைக்கப்பட்டது. அங்குக் குடியேறுவோர் குறைந்தது 10 போன்சாய் மரங்களையேனும் வைத்திருக்க வேண்டும், வீட்டு வாசலை எவருக்கும் திறந்து வைக்க வேண்டும், மாடி கட்டலாகாது, சுற்றுவேலி உயிர்வேலியாகவே இருக்க வேண்டும் என்று 1928இல் அவர்கள் தமக்குள் விதி வகுத்துக்கொண்டனர். 1990களின் பிற்பகுதியில், பணியின் பொருட்டு டோக்கியோவில் தங்கியிருந்த இக்கட்டுரையாளர் விடுமுறை நாள்களில் அங்குச் செல்லத் தொடங்கியபோது, பழைய தோட்டங்களில் பல மூடப்பட்டிருந்தன; எஞ்சியவற்றின் வாசல்கள் மட்டும் அந்த விதி இன்னும் நடப்பில் உள்ளதுபோலத் திறந்தே இருந்தன. அவ்வாறு திறந்திருந்த ஒரு வாசல் வழியாகச் சென்ற அயல்நாட்டவருக்கு, முதலில் பார்வையாளராகவும், பின்னர் வெட்டிப்போட்ட தழைகளைக் கூட்டி அள்ளும் உதவியாளராகவும் இடம் கிடைத்தது. தோட்டத்தின் தலைவரை மாணவர்கள் ‘ஒயகதா’ என்று அழைத்தனர். குருவும் முதலாளியும் குடும்பத் தலைவரும் ஒருவராகவே அமைந்த நிலையை அச்சொல் குறிக்கும். அவர் பெயரை இங்குச் சொல்ல வேண்டியதில்லை. அவரும் அதை விரும்பியிருக்கமாட்டார்.

பார்வையாளர் காணும் முன்தோட்டத்தில், பலகைத் தட்டுகளின்மேல் முடிந்த மரங்கள் வரிசையாக நின்றன. ஒயகதாவின் உண்மையான பணி நடந்த இடமோ ஊருக்கு வெளியே, எரிமலைச் சாம்பல் கலந்த கருநிற மண்ணில் இருந்த நாற்று நிலம் ஆகும். அங்கு இருவகை மேப்பிள்கள் நடப்பட்டிருந்தன. ஒன்று, ஐந்து அல்லது ஏழு விரல்களாகப் பிளந்த இலையுடைய ஜப்பானிய மேப்பிள். இதனை அம்மக்கள் ‘மோமிஜி’ என்பர். மற்றொன்று, மூன்று கூறாகப் பிரிந்த சிறிய இலையுடைய முக்கூற்று மேப்பிள்; சீனத்திலும் தைவானிலும் இயற்கையாக வளர்வதும், 18ஆம் நூற்றாண்டில் ஜப்பானுக்குக் கொண்டுவரப்பட்டதும் இதுவே. முக்கூற்று மேப்பிள் வெட்டைத் தாங்கும் ஆற்றல் மிக்கது என்பதை டோக்கியோவின் சாலையோரங்களிலேயே காணலாம். அங்கு நிழல்மரமாக நடப்பட்ட அம்மரங்கள் கடுமையாகக் கழிக்கப்பட்ட பின்னரும் அடுத்த வசந்தத்தில் தளிர்த்து எழும். மோமிஜியின் இயல்பு வேறு. அது மெல்ல வளர்வது, பெரிய வெட்டுக்குப் பின் வெட்டுவாயிலிருந்து கீழ்நோக்கிக் காய்ந்து போகும் தன்மையுடையது, ஆகவே கத்தியைக் கையில் எடுப்பவரிடம் மிகுந்த நிதானத்தைக் கோருவது.

அந்நிலத்தை முதன்முறை காண்பவருக்கு அது கைவிடப்பட்ட நிலமாகவே தோன்றும். ஒவ்வொரு நாற்றின் உச்சியிலிருந்தும் ஆள் உயரத்துக்கும் மேலாக நீண்ட வளார்கள் எழுந்து நின்றன. அடியில் கிளைகள் கட்டுப்பாடின்றிப் படர்ந்திருந்தன. முன்தோட்டத்து மரங்களின் நளினம் எதுவும் அங்கு இல்லை. அந்த ஒழுங்கின்மையே அடிமரத்தைப் பருக்க வைக்கும் முறை என்பதை விளங்கிக்கொள்ள, மரம் எவ்வாறு பருக்கிறது என்பதைச் சிறிது விரித்துரைக்க வேண்டும். பட்டைக்கும் கட்டைக்கும் இடையே கேம்பியம் என்னும் மெல்லிய வளர்திசுப் படலம் உள்ளது. அது உட்புறமாக ஆண்டுதோறும் புதிய கட்டையையும் வெளிப்புறமாகப் பட்டைத் திசுவையும் உண்டாக்குகிறது. அதற்கு வேண்டிய உணவு இலைகளிலிருந்து வருகிறது. அதனைத் தூண்டும் ஆக்சின் என்னும் வளர்ச்சிப் பொருளும் வளரும் குருத்துகளிலிருந்தும் இளம் இலைகளிலிருந்தும் கீழ்நோக்கி இறங்குகிறது. எனவே ஒரு புள்ளிக்கு மேலே உள்ள இலைகள் எத்துணை மிகுதியோ, அப்புள்ளியில் தண்டு அத்துணை பருக்கும். ஒரு மரத்தின் கிளைகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தால் அவற்றின் மொத்தத் தடிமன் அடிமரத்துக்கு ஈடாகும் என்று லியொனார்டோ டா வின்சி தம் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். குறிப்பிட்ட அளவு இலையை அதற்குரிய அளவு குழாய்த்திசு தாங்கி நிற்கிறது என்னும் கோட்பாட்டை ஷினோசாகியும் அவருடன் பணியாற்றிய ஜப்பானியச் சூழலியலாளர்களும் 1964இல் முன்வைத்தனர். ஒயகதா இவற்றில் எதையும் மேற்கோள் காட்டியவர் அல்லர். ஆயினும் வளாரின் உச்சியைத் தொட்டுக் காட்டி, பின்னர் குனிந்து அடிமரத்தைத் தொட்டுக் காட்டி அவர் உணர்த்தியது அதே உறவைத்தான்.

இதிலிருந்து ஓர் உண்மை தெளிவாகிறது. போன்சாயைப் புதிதாகக் காண்போரிடம், மரத்தை அடிக்கடி வெட்டிக்கொண்டே இருந்தால் அடிமரம் தானாகத் தடிக்கும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. உண்மையில் ஒவ்வொரு வெட்டும் பருமனாதலை அந்த நேரத்துக்கு நிறுத்துகிறது. வெட்டு செய்வதெல்லாம், சேர்ந்த பருமனை எந்த உயரத்தில் முடிப்பது என்று தீர்மானிப்பதே. வெட்டாமல் வளர்த்த தண்டு பருக்கும், ஆனால் கம்பம்போல் நெடுகிலும் ஒரே அளவாகப் பருக்கும். வெட்டிக்கொண்டே வளர்த்த தண்டு வளைவும் நுட்பமும் பெறும், ஆனால் மெலிந்தே நிற்கும். இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்வதால்தான் ஒடுக்கம் பிறக்கிறது. சீனத்தின் குவாங்டாங் பகுதியில் வளர்ந்த லிங்னான் மரபினர், கம்பி கட்டி வளைப்பதைப் பெரிதும் தவிர்த்து, வளரவிட்டு வெட்டும் இம்முறையொன்றையே தம் கலைக்கு அடிப்படையாகக் கொண்டனர்.

அம்முறையின் கணக்கை ஒரு மரத்தைக்கொண்டு விளக்கலாம். அடியில் 5 சென்டிமீட்டர் குறுக்களவும் 30 சென்டிமீட்டர் உயரமும் உடைய முடிந்த மரம் ஒன்று வேண்டுமாயின், நாற்றை அடி 5 சென்டிமீட்டரை நெருங்கும்வரை நிலத்தில் தடையின்றி வளரவிட வேண்டும். பின்னர், குளிர்காலம் முடிந்து மொட்டுகள் வீங்கும் முன்னர், தரையிலிருந்து ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் உயரத்தில் தண்டு முழுவதையும் அறுத்துவிடுவர். வெட்டுக்குக் கீழிருந்து எழும் தளிர்களில் ஒன்றைப் புதிய தலைமைத் தண்டாகத் தேர்ந்து, அது அடியில் பழைய தண்டின் பாதிக்கு மேல், மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குப் பருக்கும்வரை மீண்டும் வளரவிடுவர். அதன்பின் அதையும் முதற்பகுதியைவிடக் குட்டையாக, 6 அல்லது 7 சென்டிமீட்டரில் வெட்டுவர். அடுத்த பகுதி இன்னும் குட்டையாக அமையும். ஒவ்வொரு முறையும் புதிய தண்டு சற்றே வேறு திசையில் எழுவதால், மரத்துக்கு இயல்பான நெளிவும் உடன் கிடைக்கிறது. இவ்வாறு நான்கைந்து பகுதிகள் அடுக்கப்படுவதற்கு எத்தனை ஆண்டு ஆகும் என்று வந்தவர் ஒருவர் கேட்டபோது, ஒயகதா விடை சொல்லாமல் தம் தந்தை நட்ட வரிசையைக் காட்டியது இக்கட்டுரையாளர் நினைவில் உள்ளது.

வெட்டும் இடம் கணுவைப் பொறுத்தது. மேப்பிளின் இலைகள் ஒவ்வொரு கணுவிலும் இணையிணையாக எதிரெதிரே அமைகின்றன. தண்டு முதிர்ந்து இலை உதிர்ந்த பின்னரும் அக்கணுக்களில் உறங்கும் மொட்டுகள் தங்கியிருக்கும். உச்சி இருக்கும்வரை அங்கிருந்து இறங்கும் ஆக்சின் அவற்றை எழவிடாமல் அடக்கி வைக்கிறது; இதுவே நுனி ஆதிக்கம். உச்சி அறுபட்டதும் அடக்கம் நீங்கி மொட்டுகள் விழிக்கின்றன. கரும்புக் கரணை நறுக்கும் உழவர் பருவுள்ள கணுவைப் பார்த்தே அரிவாளை வைப்பதுபோல, மேப்பிளை வெட்டுபவரும் பட்டையில் மெல்லிய வளையமாகத் தெரியும் பழைய கணுவைக் கண்டுபிடித்து, அதற்குச் சற்று மேலேயே வெட்ட வேண்டும். ஆயினும், வீரியமாக ஓடிய வளார்களில் கணுக்கள் வெகுதூரத்துக்கு ஒன்றாகவே இருக்கும். அவற்றின் இடைவெளியில் பெரும்பாலும் தளிர் எழுவதில்லை. ஆகையால் தலைமைத் தண்டாக நிலைக்கப்போகும் வளாரை, அதன் அடியில் உள்ள முதல் ஒன்றிரண்டு குறுகிய கணுவிடைகளை மட்டும் வைத்துக்கொள்ளும் எண்ணத்துடனேயே வளர்க்கின்றனர். எஞ்சிய நீளம் முழுவதும் அடியைப் பருக்க வைத்துவிட்டு வெட்டுப்படுவதற்கென்றே வளர்வது.

அவ்வாறு வெட்டுப்படுவதற்கென்றே வளர்க்கப்படும் கிளையைப் ‘பலிக்கிளை’ எனலாம். ஒரு பலிக்கிளை, தான் இணைந்த இடத்துக்குக் கீழே உள்ள தண்டைத்தான் பருக்கச் செய்யும். மேலே உள்ள பகுதிக்கு அதனால் பயன் இல்லை. இந்த எளிய விதியைக் கையில் வைத்துக்கொண்டு, ஒயகதா ஒவ்வொரு மரத்தின் அடியிலும், பார்ப்பவர் கண்ணுக்குப் படாத பின்புறத்தில், ஓரிரு கிளைகளை ஓடவிட்டிருந்தார். மரத்தின் மேற்பகுதியை அதே வேளையில் அடிக்கடி கழித்து மெலிவாகவே வைத்திருந்தார். ஒரே மரத்தில் கீழே காடும் மேலே ஒழுங்கும் நின்ற அக்காட்சி, அவருடைய நிலத்தில் இக்கட்டுரையாளர் கண்டவற்றுள் மிகவும் சிந்திக்கத்தக்கது. ஒரே இடத்திலிருந்து மூன்று நான்கு தளிர்களை நெடுநாள் விட்டுவைத்தால் அவ்விடம் முழங்கால் மூட்டுப்போல் புடைத்து, மேலே பருமனும் கீழே மெலிவுமாக எதிர்மறை ஒடுக்கம் உண்டாகும். முக்கூற்று மேப்பிள் வெட்டுவாயைச் சுற்றிக் கொத்தாகத் தளிர் விடும் இயல்புடையதாகையால், கோடையின் தொடக்கத்திலேயே வேண்டாதவற்றை நீக்கிவிடுவது மாணவர்களுக்கு ஒப்படைக்கப்பட்ட முதன்மையான பணியாக இருந்தது.

இம்முறையில் பெரிதும் கருத்தூன்ற வேண்டியது காயம். அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ 1970களில் விளக்கிக் காட்டியதுபோல, விலங்கின் உடலில் புண் ஆறுவதைப் போன்று மரத்தின் காயம் ஆறுவதில்லை. சேதமுற்ற கட்டையைச் சுற்றி மரம் தனக்குள் தடுப்புச் சுவர்களை எழுப்பி அதனைத் தனிமைப்படுத்துகிறது, பின்னர் விளிம்பிலிருந்து புதிய திசு சுருண்டு வந்து மேலே மூடுகிறது. மூடப்பட்ட கட்டை உள்ளே அப்படியேதான் இருக்கிறது. மூடுவதற்குள் நீர் புகுந்து அது மக்கிவிட்டால், எத்துணை அழகிய அடிமரமும் உள்ளே பொந்தாகிவிடும். ஆகவே ஓமியாவில் வெட்டு ஒன்று முடிந்ததும் அதன் முகத்தைக் கூரிய கத்தியால் வழவழப்பாகச் சீவி, நடுவைச் சற்றுக் குழிவாக்கி, விளிம்புக் கேம்பியம் காயாதவாறு பசை பூசினர். குழிவாக்குவதால் சுருண்டு வரும் திசு மேடாகப் புடைக்காமல் பட்டையோடு சமமாக நிற்கும். மோமிஜியில் இன்னும் பொறுமை காட்டினர்: முதலில் கணுவுக்கு மேலே சிறிது கட்டையை விட்டுக் கிடைமட்டமாக அறுத்து, புதிய தண்டு உறுதிப்பட்டு, கட்டை எதுவரை காய்ந்தது என்பது தெரிந்த பின்னரே, புதிய தண்டின் கக்கத்திலிருந்து மறுபுறம் சாய்வாக இறங்கும் இறுதி வெட்டை வைத்தனர்.

காயம் விரைவாக மூடுவது மரத்தின் ஓட்டத்தைப் பொறுத்தது. நிலத்தில் வளாரோடு நிற்கும் மரம் சில ஆண்டுகளில் மூடிவிடும் வெட்டை, தொட்டியில் அடங்கி நிற்கும் மரம் பல ஆண்டுகள் ஆனாலும் மூடாமல் வைத்திருக்கும். பெரிய காயங்கள் அனைத்தும் மூடிய பின்னரே மரம் தொட்டிக்குப் போக வேண்டும் என்பதில் ஒயகதா விட்டுக்கொடுத்ததே இல்லை. சந்தையில் அதற்கு மாறான வழக்கம் அப்போதே பரவியிருந்தது. தண்டை மிகவும் பருக்கவிட்டு, ஒரே வெட்டில் அடியோடு அறுத்து, எழுந்த மெல்லிய தளிரைத் தலையாக்கி, மூன்றாண்டுக்குள் தொட்டியில் ஏற்றி விற்றுவிடுவர். அடி பருத்திருக்கும், அதன்மேல் மெல்லிய குச்சியொன்று நிற்கும், இடையில் மூடவே வாய்ப்பில்லாத அகன்ற வெட்டுவாய் இருக்கும். பருமனை விலையாக்கும் அவ்வழக்கம் இக்கலைக்குச் செய்த தீங்கு பெரிது. ஒரு பெரிய வெட்டைவிட, காலம் பார்த்து வைக்கப்பட்ட பல சிறிய வெட்டுகளே மேப்பிளுக்கு உகந்தவை என்பது இக்கட்டுரையாளரின் உறுதியான முடிவு. மெலிந்த அடிமரத்தை இன்னும் சில ஆண்டு நிலத்தில் விட்டுப் பருக்க வைக்கலாம், மூடாத பெருங்காயத்துக்கு அத்தகைய மாற்று எளிதில் இல்லை.

வேரைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். நாற்றை நடும்போதே ஆணிவேரை நீக்கி, எஞ்சிய வேர்களை ஒரு தட்டையான பலகையின்மேல் ஆரக்கால்களாக விரித்துக் கட்டி நடுவது அங்கு வழக்கமாக இருந்தது. பலகை கீழ்நோக்கிய வேரைத் தடுப்பதால் வேர்கள் பக்கவாட்டில் ஓடி, காலப்போக்கில் ஒன்றோடொன்று இணைந்து அடியை அகலச் செய்யும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, மொட்டு விழிக்கும் முன்னர் மரத்தைத் தோண்டியெடுத்து, கீழிறங்கிய வேர்களைக் கழித்து மீண்டும் நடுவர். பிப்ரவரியின் வறண்ட கான்தோ காற்றில் நடந்த அப்பணியில் வேர்கள் காய்ந்துவிடாதபடி ஈரச்சாக்கு போர்த்தி எடுத்துச் செல்வது உதவியாளர்களின் பொறுப்பு.

தொட்டிக்கு வந்த பின்னர் நோக்கம் தலைகீழாகிறது. அங்கு நீர்வடிதல் மிக்க ‘அகதாமா’ என்னும் சிறு களிமண் உருண்டைகளில், வேர் அடங்கி நிற்கும் மரத்துக்கு இனிப் பருமன் வேண்டுவதில்லை. கிளைகள் இரண்டிரண்டாகப் பிரிந்து நுனி நுட்பமாவதே தேவை. வசந்தத்தில் முதல் இணை இலை விரியும்போதே அதன் நடுவில் தோன்றும் மென்குருத்தை இடுக்கியால் கிள்ளிவிடுவர். குருத்து ஓடாததால் கணுவிடை குறுகும். நலமாக உள்ள மரங்களில் கோடைத் தொடக்கத்தில் இலைகளை நறுக்கி, இரண்டாம் முறை சிறிய இலைகளைத் தளிர்க்கச் செய்வதும் உண்டு. கிள்ளுதலும் இலை நறுக்குதலும் பருமனாதலைத் தடுப்பவை என்பதால், அடிமரம் முடியாத மரத்தில் இவற்றைச் செய்வது ஆண்டுகளை வீணாக்குவதாகும். ஓமியாவில் இவ்விரு கட்டங்களையும் ஒருபோதும் கலக்கவில்லை. நிலத்து மரத்தின் குருத்தைக் கிள்ளும் உரிமை எவருக்கும் இல்லை, தொட்டி மரத்தின் வளாரை ஓடவிடும் உரிமையும் எவருக்கும் இல்லை.

ஒயகதாவின் தந்தை விதையிலிருந்து வளர்த்ததாகக் கூறப்பட்ட முக்கூற்று மேப்பிள் ஒன்று முன்தோட்டத்தின் வடமூலையில் இருந்தது. குளிர்காலத்தில் அதைச் சுற்றி வந்து பார்க்க அனுமதித்தபோது, அடிமரத்தின் பின்புறத்தில் பழைய பலிக்கிளைகளின் இடங்கள் பட்டையில் மெல்லிய சுழிகளாக மட்டுமே எஞ்சியிருந்தன. தண்டு நான்கு முறை திசை மாறியிருந்தும் எந்த இடத்தில் வெட்டு விழுந்தது என்று விரல் வைத்துச் சொல்ல இயலவில்லை. அம்மரத்துக்கு விலை கேட்டவர்கள் பலர். அது விற்பனைக்கு இல்லை என்றே ஒவ்வொரு முறையும் சொல்லப்பட்டது.

குளிர்கால ஓய்வு வேண்டும் மேப்பிள், தமிழ்நாட்டுச் சமவெளியின் வெப்பத்தில் நிலைத்து வாழாது. ஆல், இத்தி முதலிய நம் மரங்களில் வளரவிட்டு வெட்டும் இதே முறை நன்கு பலன் தரும். ஆண்டு முழுவதும் வளரும் அவை, மேப்பிளைவிட விரைவாகப் பருக்கவும் செய்யும். லண்டன் போன்ற குளிர்நாட்டு நகரங்களில் வாழ்ந்து மேப்பிள் போன்சாய் வாங்க எண்ணும் தமிழர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இலையும் நிறமும் நிறைந்த இலையுதிர்காலத்தில் வாங்காதீர்கள். இலை முற்றும் உதிர்ந்த பின்னர் சென்று, தொட்டியின் மேல்மண்ணைச் சிறிது விலக்கி வேரடியைப் பாருங்கள், மரத்தைத் திருப்பி அதன் பின்புறத்தைப் பாருங்கள், பெரிய வெட்டுவாய் மூடியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்த பின்னரே விலையைக் கேளுங்கள்.